இளையராஜா படங்களை வரிசையாகக் கேட்டு முடிக்கும் நேரத்தில் பழைய மதிப்பெண்களை என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். 1976இல் வந்த அன்னக்கிளியில் தொடங்கி 1992 வரை இளையராஜா இசையமைத்த தமிழ்ப் படங்களை ஆண்டு வரிசையில் எடுத்துக்கொண்டு, கிடைத்த பாடல்களை எல்லாம் முழுசாகக் கேட்டு, படத்துக்கு ஒரு பக்கக் குறிப்பும் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் எழுதி வந்திருக்கிறீர்கள். 1992இல் சில படங்கள்தான் பாக்கி. முடிக்கக் கை வரவில்லை என்கிறீர்கள். பழைய நோட்டைப் புரட்டினால் மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தெரிகின்றன. அவற்றைத் திருத்தலாமா, கடைசியில் ஒரு தரவரிசை போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, இதில் உள்ள உண்மையான கேள்வி ஒன்றே ஒன்று: இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதியதை நானே நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. எதை எவ்வளவு நம்பலாம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்த வேலையைச் செய்தால்தான் உங்கள் வரிசை முடிந்ததாகக் கணக்கு. கடைசிப் படத்தைக் கேட்டுவிட்டால் பட்டியல்தான் முடியும்.

நான் இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். அப்புறம் பல வருஷமாகப் பழைய ரெக்கார்டுகளையும் டேப்புகளையும் கணினிக்கு மாற்றி, அட்டவணை போட்டுத் தருவதுதான் தொழில். ஆகவே ஒலி, பிரதி, பட்டியல் ஆகிய மூன்றிலும் நான் சொல்வதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ராக லட்சணம், மேற்கத்திய ஹார்மனி போன்றவற்றில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் பாடம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

முதலில், நீங்கள் மதிப்பெண் போட்டது எதற்கு என்பதைப் பார்ப்போம். நீங்கள் ஆல்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். இசையமைப்பாளரே உட்கார்ந்து பாட்டுகளின் வரிசையைத் தீர்மானித்து, தொடக்கம் முடிவு பார்த்து அடுக்கிய தொகுப்பு என்றால் ராஜாவின் கணக்கில் 1986இல் வந்த ஹௌ டு நேம் இட், 1988இல் வந்த நத்திங் பட் விண்ட் போன்றவைதான் அப்படிப்பட்டவை. படப் பாடல்கள் கதை வேறு. நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் சின்ன ரெக்கார்டு என்றால் மூன்று நான்கு பாட்டு. பெரிய எல்பி என்றால் சில சமயம் ஒரு பக்கத்தில் ஒரு படம், மறுபக்கத்தில் இன்னொரு படம். கேசட்டில் இரண்டு படம், மூன்று படம் சேர்த்து வருவது வெகு சாதாரணம். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில் என்பதைப் பெரும்பாலும் கம்பெனிக்காரர்களும் ரெக்கார்டின் நேர அளவும்தான் தீர்மானித்தன. ஆகவே உங்கள் குறிப்புகளில் 'தொகுப்பின் ஓட்டம் சரியில்லை', 'நடுவில் தொய்வு' என்று எங்காவது எழுதியிருந்தால் அந்த வரியைத் தயங்காமல் விட்டுவிடலாம். அது ராஜாவின் வேலையைப் பற்றிய கருத்தே ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெக்கார்டில் இருப்பதும் படத்தில் இருப்பதும் ஒன்றல்ல. நிழல்கள் (1980) ரெக்கார்டில் எஸ். ஜானகி பாடிய 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்' இருக்கிறது, படத்தில் இல்லை. அலைகள் ஓய்வதில்லை (1981) ரெக்கார்டில் 'புத்தம் புது காலை' இருக்கிறது, படத்தில் இல்லை. தளபதிக்காக (1991) யேசுதாசும் ஜானகியும் பாடிய 'புத்தம் புது பூ பூத்ததோ'வும் அப்படித்தான். மூன்றுமே சாதாரணப் பாட்டு கிடையாது. தூரத்தில் நான் கண்ட பாட்டை எடுத்துவிட்டால் நிழல்களுக்கு உங்கள் மதிப்பெண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு நேர்மாறான கணக்கும் இருக்கிறது. மௌன ராகம் (1986) என்றதும் பலர் காதில் முதலில் ஒலிப்பது அதன் பின்னணி இசைதான். ஆனால் அந்தக் காலத்து ரெக்கார்டுகளும் கேசட்டுகளும் பெரும்பாலும் பாட்டோடு நின்றுவிடும். நாயகனில் (1987) 'தென்பாண்டிச் சீமையிலே' ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வருகிறது. நீங்கள் கேட்ட பிரதியில் எது இருந்தது? ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்: 'இந்த மதிப்பெண்கள் வெளியான பாடல்களுக்கு மட்டும், படத்தின் பின்னணி இசைக்கு இல்லை.' இந்த ஒரு வரி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது ஒலி. இதைப் பற்றி நிறைய எழுதப்போகிறேன், ஏனென்றால் தமிழில் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் செயலியிலும் யூடியூபிலும்தான் கேட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே இருக்கும் பிரதிகள் பல வழிகளில் வந்து சேர்ந்தவை. ஒரிஜினல் டேப்பிலிருந்து வந்தது கொஞ்சம், எல்பியிலிருந்து எடுத்தது கொஞ்சம், கேசட்டிலிருந்து எடுத்தது நிறைய. கேசட் பிளேயரில் டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திருகாணி இருக்கும். அது கால் சுற்று விலகியிருந்தால் போதும், மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும்: டிரம்ஸில் உள்ள இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டின் சத்தம் போய்விடும், வயலின் கூட்டம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிப்பது போல இருக்கும், ஜானகியின் குரலில் மூச்சு மறைந்துவிடும். எங்கள் கடையில் ஒவ்வொரு கேசட்டைப் போட்டதும் முதல் வேலை அந்தத் திருகாணியை மெல்லத் திருப்பி, ஒலி திறக்கும் இடத்தில் நிறுத்துவது. இணையத்தில் ஏற்றிய பலர் இதைச் செய்யவில்லை. அப்படியொரு பிரதியைக் கேட்டு 'இசைக்கோவை தட்டையாக இருக்கிறது' என்று நீங்கள் எழுதியிருந்தால் குறை அந்தப் பிரதியில் இருந்திருக்கலாம்.

வேகமும் இப்படித்தான். டேப் ஓடும் வேகம் சுமார் ஆறு சதவீதம் கூடினால் சுருதி கீபோர்டில் ஒரு கட்டை, அதாவது அடுத்த கறுப்பு அல்லது வெள்ளைக் கட்டைக்கு ஏறிவிடும். நாலு நிமிஷப் பாட்டில் பதினான்கு விநாடி போல குறையும். பாடகர் குரல் இளமையாகவும் தாளம் சுறுசுறுப்பாகவும் கேட்கும். சோதிக்க எளிய வழி, அதே பாட்டின் இரண்டு மூன்று பிரதிகளின் நீளத்தை ஒப்பிடுவது. நீளம் விலகினால், பாட்டு முடியும் இடத்தில் வெட்டா, வேகமா என்று பாருங்கள். சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் அன்றைய வாத்தியக் குழு கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சுருதி சேர்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த எல்லாவற்றையும் விட முக்கியமானது பேஸ் கிடார். ராஜாவின் பாட்டில் பேஸ் கிடார் தாளத்துக்கு முட்டுக் கொடுக்கும் வாத்தியமாக நிற்பதில்லை. அது தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். மூடுபனியில் வரும் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிடார் தனியாகத் தொடங்குகிறது, யேசுதாஸ் பல்லவியை எடுக்கிறார், எல்லோருக்கும் தெரியும். நல்ல ஹெட்ஃபோனில், குரலைக் கவனிக்காமல், அடியில் ஓடும் பேஸ் கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு சரணம் முடியும்வரை போய்ப் பாருங்கள். குரல் ஒரு ஸ்வரத்தில் நீட்டி நிற்கும்போது கீழே அது நகரும். குரல் நகரும்போது அது காத்திருக்கும். நினைவெல்லாம் நித்யாவில் (1982) 'பனிவிழும் மலர்வனம்' கேட்டால் இதே வேலை வேறு முகத்தோடு இருக்கும். இந்த அடுக்கு கைப்பேசி ஸ்பீக்கரில் வரவே வராது. ஹெட்ஃபோனிலும் சத்தத்தைக் குறைத்து வைத்தால் முதலில் காணாமல் போவது கீழ் ஸ்தாயிதான். சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை விகிதத்தைவிட அதிகமாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆரம்ப காலத்தில் பஸ்ஸில் கைப்பேசியில் கேட்டேன், பிறகுதான் நல்ல ஹெட்ஃபோன் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் 1976 முதல் 1980 வரையான படங்களுக்கு நீங்கள் போட்ட மதிப்பெண்ணில் இசையின் அடிப்பகுதி சேரவே இல்லை. உங்கள் மதிப்பெண்கள் பொருந்தாமல் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்து 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் வரும் பிரதிகள் இதைத் தீர்க்குமா என்றால், பெரும்பாலும் தீர்க்காது. அந்த நாளில் முழு வாத்தியக் குழுவும் பாடகர்களும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிவு செய்வதே பழக்கம். ராஜா எல்லா வாத்தியங்களுக்கும் ஸ்வரக் குறிப்பை எழுதிக் கொடுத்துவிடுவார். அவர்கள் பார்த்து வாசிப்பார்கள். ஒலிப்பதிவாளர் அந்த நேரத்திலேயே அளவுகளைச் சரிபார்த்துக் கலந்துவிடுவார். அப்படிக் கலந்த பின் பேஸ் கிடாரை மட்டும் தனியே தூக்கிக் காட்ட வழி குறைவு. கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) டிரம்ஸும் சேர்ந்தே வீங்கும். மேலும், ரீமாஸ்டர் பிரதிகள் பொதுவாகச் சத்தம் கூடியவை. ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளில் சத்தம் சற்றுக் கூடியதையே காது 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்துக் கேளுங்கள். பல தடவை பழைய பிரதியே ஜெயிக்கும்.

சரி, பிரதியை விட்டுவிட்டுக் கேட்கிற ஆளைப் பார்ப்போம். இங்கே உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்து கிடக்கின்றன. திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதன்மீது மனிதர்களுக்குப் பிரியம் கூடுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பலரும் பலவிதமாகச் சோதித்துவிட்டார்கள். நம் ஊர்க் கதையில் அதன் பொருள் இது: 'மச்சானப் பாத்தீங்களா', 'செந்தூரப் பூவே' போன்ற பாட்டுகளை நீங்கள் வரிசையைத் தொடங்கும் முன்பே டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இலங்கை வானொலியைப் பற்றிய பெரியவர்கள் பேச்சிலுமாகப் பல நூறு தடவை சந்தித்துவிட்டீர்கள். பெயர் தெரியாத ஒரு படத்தின் மூன்றாவது பாட்டை இரண்டு தடவைதான் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே தராசு இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் உங்கள் மதிப்பெண்ணில் எத்தனை புள்ளியைக் கூட்டியிருக்கும் என்று யாராலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும், பாட்டுக்குப் பாட்டு மாறும். அதனால் 'தெரிந்த பாட்டுக்கு ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்' என்று பொத்தாம் பொதுவாகக் கழிக்காதீர்கள்.

அடுத்தது அலுப்பு. ராஜாவின் 100ஆவது படம் மூடுபனி, 1980 கடைசியில் வந்தது. 400ஆவது படம் நாயகன், 1987இல் வந்தது. நடுவில் ஏழு ஆண்டு, முந்நூறு படம். பிற மொழிகளையும் சேர்த்த கணக்குதான், ஆனாலும் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் வருகிறது. அஞ்சலி 500ஆவது படம், 1990. அதாவது அடுத்த நூறு மூன்றே ஆண்டுக்குள். ஆண்டு வரிசையில் போகிறவர் 1983, 84, 85க்கு வரும்போது மாதக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். அங்கே நோட்டு எப்படி ஆகும் என்று நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். குறிப்புகள் சுருங்கும், எல்லாவற்றுக்கும் ஆறு, ஆறரை, ஏழு என்று விழும், 'வழக்கமான ராஜா' என்ற சொல் அடிக்கடி வரும். அந்தச் சொல் கேட்கிறவர் களைத்துவிட்டார் என்பதற்கு அடையாளம். வரிசையில் முன்னால் பின்னால் இருப்பவற்றோடு சேர்த்துக் கேட்டதால் வழக்கமானதாகத் தெரிந்த பாட்டைத் தனியாக ஒரு நாள் எடுத்துக் கேட்டால் அது ஏன் அன்றைக்கு ஊர் முழுக்க ஒலித்தது என்று புரியும். உங்கள் நோட்டில் முதலில் அந்த ஆண்டுகளின் பக்கங்களைத் திறந்து இந்தச் சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மறுபடி கேட்க வேண்டியவை அவைதான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாக்கியிருக்கும் 1992 படங்களை இழுத்தடிக்காமல் கேட்டு எழுதி முடியுங்கள். தேவர் மகனைக் கடைசிக்கு என்று எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம், வெளியான வரிசைப்படியே கேளுங்கள். நிறைவு நாள் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் படத்துக்கு நீங்கள் போடும் மதிப்பெண் அந்த நாளுக்கான மதிப்பெண்ணாக ஆகிவிடும். அதை முடித்த பிறகு சில வாரம் நோட்டைத் தொடாதீர்கள். ராஜாவையே கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் இரண்டு மூன்று படங்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் பிடித்ததைத்தான் எடுப்பீர்கள். வீட்டில் யாரையாவது சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஒரே ஹெட்ஃபோனில், ஒரே சத்த அளவில், கிடைக்கும் பிரதிகளில் நல்ல பிரதியாகத் தேடி எடுத்து மறுபடி கேட்டுப் புதிதாக மதிப்பெண் போடுங்கள். எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகே பழையதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த இரண்டு வரிசைகளும் உங்களுக்கு நிறையச் சொல்லும். ஆரம்ப ஆண்டுகளில் புதிய மதிப்பெண்கள் எல்லாமே ஒரே பக்கமாக ஏறியிருந்தால், உங்கள் காது வளர்ந்திருக்கிறது அல்லது கருவி மாறியிருக்கிறது என்று பொருள். அந்த ஆண்டுகளை மொத்தமாக மறுபடி கேட்பது அவசியம். சில ஏறி, சில இறங்கி, இரண்டு பக்கமும் சிதறியிருந்தால் அது அன்றன்றைய மனநிலையின் ஆட்டம். அதைத் திருத்த முடியாது, அதன் அளவைத் தெரிந்துகொள்ளத்தான் முடியும். ஒரே படத்துக்கு ஒரு நாள் ஆறும் இன்னொரு நாள் ஏழரையும் போடுகிற கை என்றால், ஏழுக்கும் ஏழரைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உங்கள் நோட்டில் பொருளே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆட்டம் ஒன்றிலிருந்து ஒன்றரைப் புள்ளி வரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவம் மட்டுமே, ஆய்வு கிடையாது.

ஆகவே ஒன்றிலிருந்து கடைசி வரை எண் போட்ட தரவரிசை வேண்டாம். 143ஆவது இடத்துக்கும் 144ஆவது இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. நான்கு ஐந்து கூட்டமாகப் பிரியுங்கள். வாழ்நாள் முழுக்க எடுத்துக் கேட்கப்போகிறவை. முழுசாக நன்றாக இருப்பவை. ஒன்றிரண்டு பாட்டுக்காக வைத்திருக்க வேண்டியவை. ஒரு தடவை போதும் என்பவை. இன்னும் தீர்ப்புச் சொல்லத் தயாராக இல்லாதவை. கடைசிக் கூட்டத்தைக் கட்டாயம் வையுங்கள், அதில் கணிசமாகப் படங்கள் இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது கூட்டத்தில் எந்தப் பாட்டு என்பதையும் எழுதுங்கள். கவிக்குயில் (1977) என்ற படத்தை யாரும் இன்று பார்ப்பதில்லை. ஆனால் பாலமுரளிகிருஷ்ணா ரீதிகௌளை ராகத்தில் பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' அதில்தான் இருக்கிறது. மொத்தப் படத்துக்கு ஒரே எண் போடும் முறையில் இப்படிப்பட்ட பாட்டு நசுங்கிவிடும். நீங்கள் இத்தனை வருஷம் மதிப்பெண் போட்ட முறையில் எனக்குள்ள ஒரே பெரிய வருத்தம் இதுதான்.

பழைய குறிப்புகளைத் திருத்தலாமா என்றால், என் பதில் கண்டிப்பாகக் கூடாது என்பதே. எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பாடகர் பெயர் தவறாக இருந்தால் திருத்துங்கள். கருத்தைத் தொடாதீர்கள். அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டு, எந்தப் பிரதி, எந்தக் கருவி என்று குறித்து, இப்போது என்ன தோன்றுகிறது என்று சேர்த்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதில்தான் உங்கள் நோட்டின் மதிப்பு இருக்கிறது. ராக்கம்மா பாட்டின் நடுவில் ஸ்வர்ணலதா குரலில் வரும் 'குனித்த புருவமும்' அப்பர் தேவாரம் என்று தெரியாமல் நீங்கள் முதல் தடவை எழுதியதும், தெரிந்த பிறகு எழுதுவதும் இரண்டு வேறு குறிப்புகள். முதலாவதை அழித்துவிட்டால், அந்த இடம் திடீரென்று திறந்துகொண்டபோது உங்களுக்கு ஏற்பட்ட வியப்பு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஆண்டு வரிசை பற்றியும் ஓர் எச்சரிக்கை. உங்கள் முடிவுரையில் '1984இல் அவர் பாணி மாறியது' என்பது போன்ற வரிகள் எழுதத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். நீங்கள் வைத்திருப்பது படம் வெளியான தேதி. பாட்டு பதிவான தேதி அதற்குச் சில மாதம் முன்பாக இருக்கலாம், படம் பெட்டிக்குள் கிடந்திருந்தால் ஓராண்டுக்கு மேலும் முன்பாக இருக்கலாம். ஒரு படத்துக்குப் போட்ட மெட்டு அந்தப் படம் நின்றுபோனதால் வேறு படத்துக்குப் போனதும் உண்டு. பதிவுத் தேதிகள் முழுமையாக வெளியே கிடைக்காத நிலையில், பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளை வைத்து மாற்றத்தைப் பேசுவது பலவீனமானது. மூன்று நான்கு ஆண்டுகளை ஒரு கட்டமாக வைத்துப் பேசினால் நிற்கும். 1976 முதல் 79 வரை வந்தவற்றையும் 1987 முதல் 90 வரை வந்தவற்றையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். டிரம்ஸ், சிந்தசைசர், தாளத்துக்கு இயந்திரம் என்று ஒலி எப்படி மாறியிருக்கிறது என்பது யார் காதுக்கும் தெரியும். அதைத் தைரியமாக எழுதலாம்.

1992இல் நிறுத்துவது சரியா என்றும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். ரோஜா வந்த ஆண்டு என்பதால் பலரும் அங்கே கோடு போடுகிறார்கள். ரஹ்மானின் வருகை தமிழ்ப் பாட்டு பதிவாகும் முறையையே மாற்றியது உண்மை. ஆனால் அது ரஹ்மானின் தொடக்கம், ராஜாவின் முடிவு ஆகாது. அவதாரம் (1995), காதலுக்கு மரியாதை (1997), சேது (1999), ஹே ராம் (2000) எல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அவருடைய 1000ஆவது படம் தாரை தப்பட்டை வந்தது 2016இல். எனவே நீங்கள் போட்ட எல்லையை மதித்து 1992இல் நிறுத்துங்கள், ஆனால் முடிவுரையில் 'பொற்காலம் முடிந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் கேட்காததைப் பற்றி அது தீர்ப்புச் சொல்வதாகும். தொடரத் தோன்றினால் 1993ஐப் புதிய நோட்டில், புதிய முறையில், பாட்டுக்குப் பாட்டு எழுதத் தொடங்குங்கள். பழைய மதிப்பெண்களோடு ஒட்டுப்போட வேண்டாம்.

முடிக்கக் கை வரவில்லை என்பதைப் பற்றி நான் பெரிதாகச் சொல்வதற்கில்லை. இதுபோல நீண்ட வரிசையை முடித்தவர்கள் பலர் என்னிடம் சொன்னது, கடைசிப் படத்துக்குப் பிறகு ஒரு வெறுமை வந்தது, மறுகேட்பைத் தொடங்கியதும் அது போனது என்பதுதான். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கடைசியாக, கிடைக்காத படங்கள். உங்கள் பட்டியலில் அப்படிச் சில இருக்கும், யார் பட்டியலிலும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு 'முழுமை' என்று எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, படத்தின் பெயர், ஆண்டு, எங்கெல்லாம் தேடினீர்கள் என்று எழுதி வையுங்கள். ரெக்கார்டு சேகரிப்பவர்களிடம் கேட்கும்போது படத்தின் பெயரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் இரண்டு படம் சேர்ந்த எல்பியை அவர்கள் பெரிய படத்தின் பெயரில் அடுக்கி வைத்திருப்பார்கள். ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் கம்பெனியின் வரிசை எண் இருக்கும். பழைய ரெக்கார்டு விலைப்பட்டியல்களிலும் விற்பனைக்கு வரும் ரெக்கார்டுகளின் புகைப்படங்களிலும் அந்த எண்ணைத் தேடிக் குறித்துக்கொண்டு, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.